குவெரி முடிவை எந்த ஃபைலாகச் சேமிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரவுத்தளத்திடம் தரவைக் கேட்டுப் பெறும் கட்டளைதான் குவெரி. அதை எழுதுவதில் வரும் சந்தேகங்களுக்கு எங்கு தேடினாலும் பதில் கிடைக்கிறது. குவெரி ஓடி, முடிவு திரையில் வந்த பிறகு எழும் சந்தேகம்தான் என்னிடம் அதிகம் வருகிறது: "இதை எதில் சேவ் பண்ணட்டும்?" சேமிக்கும் பெட்டியைத் திறந்தால் சிஎஸ்வி, எக்ஸெல், ஜேசான், எக்ஸ்எம்எல், எஸ்க்யூஎல் என்று நீளமாக ஒரு பட்டியல் விழும். பலர் முதலில் கண்ணில் பட்டதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அதன் விளைவு சில நாள் கழித்து வேறொருவரின் கணினியில் தெரியவரும். அதற்குள் மூல டேபிளில் தரவு மாறியிருக்கும், மறுபடி எடுக்கவும் வழி இருக்காது.

திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், போகப்போகச் சிக்கலானவை வரும்.

எல்லாமே டேட்டாதானே, எந்த ஃபார்மேட்டில் சேமித்தால் என்ன?

டேபிளில் இருக்கும்போது ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு வகை உண்டு. இது எண், இது தேதி, இது எழுத்து, இங்கே மதிப்பே இல்லை என்பதெல்லாம் தரவுத்தளத்துக்குத் தெரியும். ஃபைலாக வெளியே எடுக்கும்போது இவற்றில் எவ்வளவு கூடவே வரும் என்பது ஃபார்மேட்டைப் பொறுத்தது. சிஎஸ்வியில் வகை எதுவும் வராது, எல்லாம் வெறும் எழுத்துதான். ஜேசானில் எண்ணும் எழுத்தும் பிரிந்து தெரியும், தேதி தெரியாது. பெரிய தரவை அலசுபவர்கள் பயன்படுத்தும் பார்க்கே என்ற ஃபார்மேட்டில் ஏறக்குறைய எல்லாமே வரும். எக்ஸெலில் வரும், ஆனால் அதற்கென்று சில வரம்புகள் உண்டு.

அதனால் தேர்ந்தெடுக்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த ஃபைலை அடுத்து யார் திறக்கப் போகிறார்கள்? கண்ணால் பார்த்து வடிகட்டப் போகும் மனிதர் என்றால் எக்ஸெல். வேறொரு மென்பொருள் என்றால் சிஎஸ்வி அல்லது ஜேசான். பைத்தானில் பெரிய அளவில் அலசப் போகிறார்கள் என்றால் பார்க்கே. இன்னொரு தரவுத்தளம் என்றால் அந்தத் தரவுத்தளத்தின் சொந்த டம்ப், அதாவது டேபிளை மொத்தமாக எடுத்து வைத்த ஃபைல். கீழே வருவதெல்லாம் இந்த ஒரு கேள்வியின் கிளைகள்தான்.

சிஎஸ்வி என்றால் எக்ஸெல் ஃபைல்தானே? ஐகான்கூட அதுதானே வருகிறது?

ஐகான்தான் பலரைக் குழப்புகிறது. சிஎஸ்வி என்பது வெறும் எழுத்துக் கோப்பு. கணினியில் எக்ஸெல் இருந்தால், அந்தப் பின்னொட்டை அது தன் பெயரில் பதிவு செய்துகொள்வதால் அந்த ஐகான் வருகிறது. அதே ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள், உள்ளே இருப்பது இவ்வளவுதான்:

```
எண்,பெயர்,முகவரி,குறிப்பு
101,கயல்விழி,"12, வடக்குத் தெரு","""அவசரம்"" என்றார்"
102,மாறன்,"5, ஆற்றங்கரை",
```

முகவரிக்குள் கமா இருப்பதால் அதைச் சுற்றி இரட்டை மேற்கோள் குறி வந்திருக்கிறது. குறிப்புக்குள்ளேயே மேற்கோள் குறி இருப்பதால் அது இரண்டு முறை எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாவது ரெக்கார்டில் கடைசி கமாவுக்குப் பிறகு எதுவும் இல்லை. இந்த வழக்கங்களை 2005இல் வந்த ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணம் எழுதி வைத்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே சிஎஸ்வி புழக்கத்தில் இருந்ததால், எல்லா மென்பொருளும் அதை அப்படியே பின்பற்றும் என்று நம்ப முடியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பின்னொட்டை மாற்றிப் பெயரிட்டால் ஃபைல் மாறாது. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்பது உள்ளே பல எக்ஸ்எம்எல் ஃபைல்களை வைத்துச் சுருக்கிய ஒரு ஜிப். சிஎஸ்விக்கு அந்தப் பின்னொட்டைப் போட்டால், ஃபைல் கெட்டிருக்கலாம் என்று சொல்லி எக்ஸெல் திறக்க மறுத்துவிடும்.

அப்படியென்றால் நேராக எக்ஸெலாகவே சேமித்துவிடலாமே?

மனிதர் பார்க்கத்தான் என்றால் தாராளமாக. எண் எண்ணாக இருக்கும், தேதி தேதியாக இருக்கும், தமிழ் எழுத்து உடையாது, தலைப்பு வரிக்கு வடிகட்டி போட்டுக் கொடுக்கலாம். மேலாளருக்கு அனுப்பும் ஐந்நூறு ரெக்கார்டு அறிக்கைக்கு சிஎஸ்வி அனுப்பி அவரைச் சிரமப்படுத்தத் தேவையில்லை.

வரம்புகள் மட்டும் நினைவில் இருக்கட்டும். ஒரு ஷீட்டில் 10,48,576 வரிசைகள், 16,384 நெடுவரிசைகள், ஒரு கட்டத்துக்குள் 32,767 எழுத்துகள். பழைய எக்ஸ்எல்எஸ் ஃபார்மேட் என்றால் 65,536 வரிசைகளோடு முடிந்தது. 2020 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டன. ஆய்வகங்களிலிருந்து வந்த சிஎஸ்வி தரவை எக்ஸ்எல்எஸ் ஃபைலுக்கு மாற்றியபோது வரம்பைத் தாண்டிய வரிசைகள் விழுந்துவிட்டதே காரணம் என்று செய்திகள் வந்தன. தொற்று உறுதியானவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை அந்த அளவுக்குத் தாமதமானது. ஃபார்மேட் என்பது வெறும் வசதி விஷயம் என்று யாராவது சொன்னால் இதைத்தான் நான் எடுத்துக்காட்டுவேன்.

இன்னொரு மென்பொருள் படிக்க வேண்டிய ஃபைலை எக்ஸெலாகக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. படிக்க முடியும்தான். ஆனால் ஒன்றிணைத்த கட்டங்கள், மறைந்த ஷீட்டுகள், மேலே யாரோ சேர்த்த தலைப்பு என்று எதுவும் உள்ளே நுழைந்திருக்கலாம்.

போன் நம்பரில் முன்னால் இருந்த பூஜ்ஜியம் காணோம். டேட்டாபேஸில் தப்பா?

பெரும்பாலும் தரவுத்தளத்தில் தவறு இருக்காது, சிஎஸ்வியிலும் இருக்காது. நோட்பேடில் திறந்து பார்த்தால் பூஜ்ஜியம் அங்கேயே இருக்கும். இரட்டைச் சொடுக்கில் எக்ஸெல் திறக்கும்போது, வகை தெரியாத ஒவ்வொரு மதிப்பையும் அது ஊகிக்கிறது. 0441 என்பது எண் போலத் தெரிகிறது, எண்ணுக்கு முன்னால் பூஜ்ஜியம் எதற்கு என்று நீக்கிவிடுகிறது. 3-4 என்ற கதவு எண்ணைத் தேதியாக்குகிறது. 16 இலக்க எண் இருந்தால் இன்னும் மோசம்: எக்ஸெல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும் என்பதால் 1234567890123456 என்பது 1234567890123450 ஆகிவிடும். அந்தக் கடைசி 6 திரும்ப வராது.

இது எவ்வளவு பரவலான தொல்லை என்றால், மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே 2020இல் சில பெயர்களை மாற்றியது. செப்ட்1, மார்ச்1 போன்ற பெயர்களை எக்ஸெல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால் அவை செப்டின்1, மார்ச்எஃப்1 ஆயின. 2023இல் மைக்ரோசாஃப்ட் இந்தத் தானியங்கி மாற்றங்களை நிறுத்தி வைக்கும் அமைப்பைக் கொடுத்தது. ஆனால் ஃபைலைப் பெறுபவரின் எக்ஸெலில் அது எப்படி இருக்கிறது என்பது உங்கள் கையில் இல்லை.

வழி இரண்டு. எக்ஸெலில் திறக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் எக்ஸ்எல்எஸ்எக்ஸாகவே எடுத்து, போன், அஞ்சல் குறியீடு, கணக்கு எண் போன்றவற்றை எழுத்து வகையாக வைத்துக் கொடுங்கள். கூட்டவோ கழிக்கவோ போகாத எண் எதுவும் எண்ணாக இருக்க வேண்டியதில்லை. சிஎஸ்விதான் கையில் இருக்கிறது என்றால், இரட்டைச் சொடுக்காமல் எக்ஸெலின் டேட்டா பட்டியில் "டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வியிலிருந்து" என்ற வழியாகக் கொண்டுவந்து அந்த நெடுவரிசைகளை எழுத்து என்று குறியுங்கள். இரட்டைச் சொடுக்கித் திறந்த சிஎஸ்வியை எக்ஸெலிலிருந்தே மறுபடி சேமித்துவிடாதீர்கள். அதுவரை கண்ணுக்கு மட்டும் தெரிந்த சேதம், அந்த நொடியில் ஃபைலுக்குள்ளேயே போய்விடும்.

தமிழ்ப் பெயரெல்லாம் ஏதேதோ குறியாகத் தெரிகிறது. ஃபைல் கெட்டுப்போச்சா?

என்ன மாதிரி குறி என்று முதலில் பாருங்கள். தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளும் வட்டத்துக்குள் எழுத்துமாக நீளமாக வந்தால் கவலை வேண்டாம், தரவு நலமாக இருக்கிறது. எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறைக்கு என்கோடிங் என்று பெயர். யுடிஎஃப்-8 என்ற என்கோடிங்கில் ஒவ்வொரு தமிழ் யூனிகோடு குறியும் மூன்று பைட் எடுக்கும். அதை வேறு என்கோடிங் என்று நினைத்துத் திறந்தால் ஒவ்வொரு பைட்டும் தனித்தனி எழுத்தாகத் தெரியும். அதனால்தான் சின்னப் பெயர்கூட அவ்வளவு நீளமாகிறது. சேமிக்கும்போது "பிஓஎம் உடன் யுடிஎஃப்-8" என்ற தேர்வு இருந்தால் அதை எடுங்கள். ஃபைலின் தொடக்கத்தில் மூன்று பைட் அடையாளம் சேரும், எக்ஸெல் அதைப் பார்த்துச் சரியாகத் திறக்கும்.

எல்லாம் வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் நிலைமை வேறு. தமிழ் எழுத்தே இல்லாத ஒரு என்கோடிங்குக்கு மாற்றியபோது தரவு தொலைந்திருக்கிறது. ஃபைலிலிருந்து மீட்க முடியாது, மறுபடி எடுக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் இணைப்பின் என்கோடிங்கையும் பாருங்கள். அங்கே வெறும் "யுடிஎஃப்8" என்ற பெயரில் நெடுங்காலம் இருந்துவந்தது எழுத்துக்கு மூன்று பைட் வரைதான் கொள்ளும். தமிழுக்கு அது போதும், எமோஜிக்குப் போதாது. "யுடிஎஃப்8எம்பி4" என்பதே முழுமையானது.

பிஓஎம் எப்போதும் நல்லதா என்றும் கேட்பார்கள். மனிதர் திறக்கும் ஃபைலுக்கு நல்லது. மென்பொருள் படிக்கும் ஃபைலுக்கு வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத அந்த மூன்று பைட் முதல் நெடுவரிசையின் பெயரோடு ஒட்டிக்கொண்டு, "எண் என்ற நெடுவரிசையே இல்லை" என்று நிரல் அடம்பிடிக்கும். தலைப்பு கண்முன்னே இருக்கிறதே என்று மணிக்கணக்கில் தேட வைக்கும் பிழை அது.

முகவரியில் நிறைய கமா இருக்கு. அதனால் டேப் அல்லது பைப் குறி போட்டுப் பிரிக்கலாமா?

கமா இருப்பது மட்டும் காரணம் என்றால் தேவையில்லை. மேலே மாதிரியில் பார்த்தபடி மேற்கோள் குறி அதைப் பார்த்துக்கொள்ளும். உங்கள் கருவி மேற்கோள் குறி போடுகிறதா என்பதை மட்டும் உறுதி செய்யுங்கள். எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளத்துக்கான கருவியான மேலாண்மை ஸ்டுடியோவில் கட்டங்களிலிருந்து சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது மேற்கோள் குறி போடுவதற்குத் தனி அமைப்பு இருக்கிறது, அதை நீங்களே இயக்கிக்கொள்ள வேண்டும். இயக்காவிட்டால் முகவரிக்குப் பின்னால் இருக்கும் எல்லாம் ஒரு கட்டம் தள்ளிப் போய் உட்காரும்.

டேப் நல்ல தேர்வுதான், சாதாரணத் தரவில் அது அபூர்வம். ஆனால் எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிய குறிப்புகளுக்குள் டேப் ஒளிந்திருக்கும். பைப் குறியும் (|) அப்படியே. எந்தப் பிரிப்பானும் "தரவில் வரவே வராது" என்று உறுதி சொல்ல முடியாது. மேற்கோள் குறி முறைதான் உண்மையான காவல். தசமத்துக்குக் கமா பயன்படுத்தும் ஐரோப்பிய நாடுகளின் அமைப்பில் எக்ஸெல் அரைப்புள்ளியையே பிரிப்பானாக எதிர்பார்க்கும் என்பதையும் தெரிந்து வையுங்கள். அங்கே அனுப்பும் சிஎஸ்வி ஒரே நெடுவரிசையில் குவிந்துவிட்டது என்று புகார் வந்தால் காரணம் இதுதான்.

ஒரே ரெக்கார்டு இரண்டு மூன்று வரியாக உடைந்து வருகிறதே?

அந்த மதிப்புக்குள் யாரோ என்டர் தட்டியிருக்கிறார்கள். மேற்கோள் குறிக்குள் வரி முறிவு இருப்பது சிஎஸ்வியில் செல்லும், ஒழுங்கான மென்பொருள் அதை ஒரே ரெக்கார்டாகவே படிக்கும். வரி வரியாக வெட்டிப் படிக்கும் எளிய நிரல்கள்தான் தடுக்கி விழும். பெறுபவரின் நிரல் அப்படிப்பட்டது என்றால், குவெரியிலேயே ரிப்ளேஸ் போட்டு வரி முறிவை இடைவெளியாக மாற்றிவிடுங்கள். ஃபைலின் வரி எண்ணிக்கையை வைத்து ரெக்கார்டுகளை எண்ணாதீர்கள் என்பதும் இதனால்தான்.

காலியாக இருப்பதும் ‘நல்’லும் ஒன்றுதானே? ஃபைலில் இரண்டும் வெறுமையாகத்தானே இருக்கு?

தரவுத்தளத்தில் ஒன்றல்ல. நடுப்பெயர் காலி எழுத்தாக இருந்தால் "நடுப்பெயர் கிடையாது என்று தெரியும்" என்று பொருள் கொள்ளலாம். ‘நல்’ என்றால் "தெரியாது, பதிவாகவில்லை." ஆரக்கிள் தரவுத்தளம் மட்டும் காலி எழுத்தையும் ‘நல்’லாகவே எடுத்துக்கொள்ளும்.

சிஎஸ்வியில் இதற்குப் பொது விதி இல்லாததால் ஒவ்வொன்றும் ஒரு வழி வைத்திருக்கிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் காப்பி கட்டளை சிஎஸ்வியில் ‘நல்’லை மேற்கோள் இல்லாத வெறுமையாகவும், காலி எழுத்தை இரண்டு மேற்கோள் குறிகளாகவும் எழுதும். வேறுபாடு காப்பாற்றப்படுகிறது, ஆனால் எக்ஸெலில் ஒருமுறை திறந்து சேமித்தால் போய்விடும். முடிவை ஃபைலில் எழுதும் மைஎஸ்க்யூஎல்லின் அவுட்ஃபைல் கட்டளை ‘நல்’லுக்கு ஒரு பேக்ஸ்லாஷும் பெரிய ‘என்’ எழுத்தும் போடும். எஸ்க்யூஎல் சர்வர் ஸ்டுடியோ ‘நல்’ என்ற நான்கெழுத்து ஆங்கிலச் சொல்லையே எழுதிவிடும்; அதே சொல்லைப் பெயராகக் கொண்ட ஒருவர் இருந்தால் அவரையும் இதையும் பிரித்தறிய வழியில்லை.

இந்த வேறுபாடு முக்கியமான தரவு என்றால் ஜேசான் அல்லது பார்க்கே எடுங்கள், இரண்டிலும் ‘நல்’லுக்குத் தனி இடம் உண்டு. சிஎஸ்விதான் வேண்டும் என்றால், ‘நல்’ எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று கூடவே ஒரு வரி குறிப்பு அனுப்புங்கள். அந்த ஒரு வரியை எழுதுபவர்கள் மிகக் குறைவு. எழுதினால் பெறுபவருக்குப் பெரிய உதவி.

தேதியை எப்படி எழுதிக் கொடுப்பது?

2024-03-04 என்ற முறையில், ஆண்டு, மாதம், நாள் வரிசையில். ஐஎஸ்ஓ 8601 சொல்வது இதைத்தான். 03/04/2024 என்றால் ஒருவருக்கு ஏப்ரல் மூன்று, இன்னொருவருக்கு மார்ச் நான்கு. மாதத்தில் 13ஆம் தேதி வந்தால்தான் குட்டு உடையும். அதுவரை தவறு அமைதியாக உள்ளே உட்கார்ந்திருக்கும்.

நேரமும் இருந்தால் எந்த நேர மண்டலம் என்பதையும் சேருங்கள். மைஎஸ்க்யூஎல்லில் டைம்ஸ்டாம்ப் வகை உங்கள் இணைப்பின் மண்டலத்துக்கு மாறி வெளியே வரும், டேட்டைம் வகை சேமித்தபடியே வரும். ஒரே டேபிளில் இரண்டும் இருந்தால், பக்கத்துப் பக்கத்து நெடுவரிசைகளே வெவ்வேறு கடிகாரத்தைக் காட்டும்.

ஜேசான் எடுத்தால் இந்தத் தொல்லையெல்லாம் இருக்காதா?

சில குறையும். மேற்கோள் குறி, கமா, வரி முறிவு, ‘நல்’ எல்லாம் ஜேசானில் தெளிவு. என்கோடிங்கும் யுடிஎஃப்-8 என்றே வழக்கம். ஒரு ஆர்டருக்குள் பல பொருள்கள் என்று ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் தரவுக்கு ஜேசான்தான் பொருத்தம். வலைச் செயலி ஒன்று படிக்கப் போகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் தேதிக்கு ஜேசானில் வகை கிடையாது, எழுத்தாகத்தான் போகும், எனவே முந்தைய பதில் இங்கும் பொருந்தும். பெரிய எண்களிலும் கவனம் தேவை. ஜாவாஸ்கிரிப்ட் 9007199254740991 வரைதான் முழு எண்களைத் துல்லியமாக வைத்திருக்கும். அடையாள எண் 9007199254740993 என்று இருந்தால், படித்த பிறகு அது சத்தமில்லாமல் 9007199254740992 ஆகிவிடும். எக்ஸெலின் 15 இலக்கச் சிக்கலுக்கு உறவுக்காரன் இது, தீர்வும் அதேதான்: எழுத்தாகக் கொடுங்கள்.

ரெக்கார்டுகள் இலட்சக்கணக்கில் இருந்தால் சாதாரண ஜேசானுக்குப் பதில், வரிக்கு ஒரு ரெக்கார்டு வைக்கும் ஜேசான் லைன்ஸ் எடுங்கள். சாதாரண ஜேசான் ஒரே பெரிய பட்டியல் என்பதால் பல நிரல்கள் அதை முழுதும் நினைவகத்தில் ஏற்றிய பிறகே வேலை தொடங்கும். வரிக்கு ஒன்றாக இருந்தால் படிக்கப் படிக்க முடித்துக்கொண்டே போகலாம்.

எக்ஸ்எம்எல்லை யாராவது இன்னும் எடுக்கிறார்களா?

பெறுபவர் கேட்டால் எடுங்கள். ஃபைல் எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் ஸ்கீமா அவர்களிடம் இருக்கும், அதன்படி சரிபார்க்கவும் முடியும் என்பது அதன் பலம். யாரும் கேட்காதபோது நீங்களாக எடுக்கக் காரணம் இல்லை.

வேறொரு சர்வருக்கு டேபிளை மாற்ற வேண்டும். இன்செர்ட் வரிகளாகச் சேமித்தால் போதுமா?

இன்செர்ட் என்பது டேபிளில் ரெக்கார்டைச் சேர்க்கும் கட்டளை. சில நூறு ரெக்கார்டு என்றால் போதும். படிக்கவும் எளிது, தேவையானதை மட்டும் வெட்டி ஒட்டலாம். டேபிளின் அமைப்பு அதில் வராமல் போகலாம், அதைத் தனியாக எடுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் எடுத்த இன்செர்ட் போஸ்ட்கிரெஸில் அப்படியே ஓடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள்; மேற்கோள் குறி, பேக்ஸ்லாஷ், தேதி எழுதும் விதம் எல்லாம் மாறும்.

பெரிய டேபிள் என்றால் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் தனி இன்செர்ட் ஓடுவது மிக மெதுவாக இருக்கும். ஒரே வகைத் தரவுத்தளத்துக்குள் என்றால் மைஎஸ்க்யூஎல்டம்ப், பிஜிடம்ப் போன்ற சொந்தக் கருவிகளே சரி. வகை மாறுகிறது என்றால் சிஎஸ்வியாக எடுத்து, அந்தப் பக்கத்தின் மொத்தமாக ஏற்றும் கட்டளையால் ஏற்றுங்கள். அப்போது ‘நல்’ பற்றிச் சொன்னதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பார்க்கே, பார்க்கே என்கிறார்களே, அது எனக்குத் தேவையா?

பைத்தானிலோ டக்டிபி போன்ற கருவியிலோ பெரிய தரவை அலசுபவர்களுக்கு அனுப்புகிறீர்கள் என்றால் தேவை. 2013இல் ட்விட்டரும் கிளவுடெராவும் சேர்ந்து கொண்டுவந்த ஃபார்மேட் இது, இப்போது அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் கீழ் இருக்கிறது. தரவை வரிசை வரிசையாக எழுதாமல் நெடுவரிசை நெடுவரிசையாக எழுதும். ஊர் என்ற நெடுவரிசையில் அதே சில பெயர்கள் திரும்பத் திரும்ப வருமல்லவா? அவை பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் நன்றாகச் சுருங்கும். ஐம்பது நெடுவரிசைகளில் இரண்டு மட்டும் போதும் என்றால் மற்றவற்றைப் படிக்காமலே விடலாம். எல்லாவற்றையும்விட, வகைகள் ஃபைலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். பூஜ்ஜியம் போகாது, தேதி குழம்பாது, ‘நல்’ தனியாக நிற்கும்.

நோட்பேடில் படிக்க முடியாது, இரட்டைச் சொடுக்கி எக்ஸெலிலும் திறக்க முடியாது. ஃபைலின் அமைப்பு விவரம் கடைசியில் எழுதப்படுவதால், பாதியில் அறுந்த பதிவிறக்கத்தைச் சாதாரணமாகத் திறக்க முடியாது. அறுந்த சிஎஸ்வியில் பாதியாவது தேறும் என்று இதை ஒரு குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது நன்மையாகவே படுகிறது: பாதி ஃபைலை முழு ஃபைல் என்று நினைத்து யாரும் கணக்குப் போட மாட்டார்கள்.

ரெக்கார்டு எண்பதாயிரம் இருக்கு, எக்ஸ்போர்ட் பண்ணினால் சரியாக ஆயிரம்தான் வருது. ஃபார்மேட் பிரச்சினையா?

ஃபார்மேட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குவெரி ஓட்டும் கருவியான மைஎஸ்க்யூஎல் வொர்க்பெஞ்ச் தன் இயல்பில் 1,000 வரிசைகளோடு குவெரியை நிறுத்தும்; மேலே உள்ள வரம்புப் பெட்டியை மாற்ற வேண்டும். டிபீவர் என்ற கருவி முதலில் 200 வரிசைகளையே திரைக்குக் கொண்டுவரும். திரையில் இருப்பதைச் சேமிக்கிறோமா, குவெரியின் முழு முடிவைச் சேமிக்கிறோமா என்று ஒவ்வொரு கருவியிலும் பாருங்கள். எண்ணிக்கை 200, 1,000, 65,536 என்று முழுசாக நின்றால் சந்தேகப்படுங்கள்.

நீளமான எழுத்துகளும் இப்படி வெட்டுப்படும். எஸ்க்யூஎல் சர்வர் ஸ்டுடியோவில் முடிவை எழுத்தாகக் காட்டும் முறையில், ஒரு நெடுவரிசைக்கு 256 எழுத்துகள்தான் இயல்பான அளவு. விளக்கங்கள் எல்லாம் ஒரே நீளத்தில் பாதி வாக்கியத்தில் நிற்கும்.

அவுட்ஃபைல் போட்டு ஓட்டினேன், பிழை எதுவும் இல்லை, ஆனால் ஃபைலைக் காணோம்!

ஃபைல் இருக்கிறது, உங்கள் கணினியில் இல்லை. மைஎஸ்க்யூஎல்லின் அவுட்ஃபைலும் போஸ்ட்கிரெஸின் காப்பியும் சர்வர் ஓடும் கணினியில் எழுதும். அங்கேயும் அனுமதித்த இடத்தில்தான்: மைஎஸ்க்யூஎல்லில் அந்த இடத்தை ஓர் அமைப்பு கட்டுப்படுத்தும், அதே பெயரில் ஃபைல் ஏற்கெனவே இருந்தால் எழுத மறுத்துவிடும். தலைப்பு வரியையும் அது எழுதாது.

சர்வரில் கைவைக்க அனுமதி இல்லை என்றால், போஸ்ட்கிரெஸின் கட்டளைவரிக் கருவியான பிஎஸ்க்யூஎல்லில் காப்பிக்கு முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் சேர்த்து ஓட்டுங்கள், உங்கள் கணினியிலேயே எழுதும். பதிப்பு 12 முதல் பிஎஸ்க்யூஎல்லுக்கே சிஎஸ்வி வெளியீடு உண்டு. ஆரக்கிளின் கட்டளைவரிக் கருவியான எஸ்க்யூஎல்பிளஸில் 12.2 முதல் சிஎஸ்வி மார்க்கப்பை இயக்கி ஸ்பூல் செய்யலாம், அதாவது முடிவை ஃபைலுக்கு அனுப்பலாம். எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் முறையை சிஎஸ்வி என்று மாற்றி, தலைப்பை இயக்கி, வெளியீட்டை ஃபைலுக்குத் திருப்பினால் போதும்.

டேபிளில் படங்களும் இருக்கு. அவற்றையும் சிஎஸ்வியில் போடலாமா?

போட முடியும், படத்தை வெறும் எழுத்துகளாக எழுதும் பேஸ்64 முறைக்கு மாற்றி. அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும், 32,767 எழுத்து வரம்பைத் தாண்டினால் எக்ஸெலிலும் குழப்பம். படங்களைத் தனி ஃபைல்களாக எடுத்து, சிஎஸ்வியில் ஃபைல் பெயரை மட்டும் வைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

நான் அனுப்பிய சிஎஸ்வியைத் திறந்தால் எக்ஸெல் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டுதாம். வெறும் எழுத்துதானே?

சமக்குறியில் தொடங்கும் மதிப்பை எக்ஸெல் ஃபார்முலாவாக எடுத்துக்கொள்ளும். கூட்டல், கழித்தல், அட் குறிகளில் தொடங்குபவையும் அப்படி ஆகலாம். பயனர்கள் தாங்களே நிரப்பும் பெயர், கருத்து போன்ற இடங்களில் ஒருவர் வேண்டுமென்றே ஃபார்முலா எழுதி வைத்தால், அது தரவுத்தளத்தில் செயலற்றுக் கிடந்து, உங்கள் அலுவலரின் கணினியில் எக்ஸெல் திறக்கும்போது உயிர்பெறும். வெளியார் எழுதிய எதையும் சிஎஸ்வியாக அனுப்பும்போது இதை நினையுங்கள்.

அத்தகைய மதிப்பின் முன்னால் ஒற்றை மேற்கோள் சேர்ப்பது வழக்கமான தடுப்பு. அது தரவையே மாற்றுகிறது என்பதால் மனிதர் பார்க்கும் பிரதிக்கு மட்டும் செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் போட்டால் கழித்தல் குறியுள்ள எண்களும், கூட்டல் குறியில் தொடங்கும் போன் எண்களும் மாட்டிக்கொள்ளும். எழுத்து வகையில் எக்ஸ்எல்எஸ்எக்ஸாகக் கொடுத்தால் இந்தப் பிரச்சினையே எழாது. பூஜ்ஜியக் கேள்வியில் சொன்ன அதே வழிதான்.

பத்து வருஷம் கழித்தும் திறக்கணும். எதில் வைக்கலாம்?

சிஎஸ்வியும் அதன் பக்கத்தில் ஒரு குறிப்பு ஃபைலும். குறிப்பில் ஒவ்வொரு நெடுவரிசையின் வகை, பொருள், என்கோடிங், ‘நல்’ எழுதிய விதம், நேர மண்டலம், ஓட்டிய குவெரி, ஓட்டிய தேதி. அந்தக் குறிப்பு இல்லாத சிஎஸ்வி பத்து வருஷம் கழித்தும் திறக்கும், ஆனால் "நிலை 3" என்றால் என்ன என்று சொல்ல ஆள் இருக்காது.

பல டேபிள்கள், அவற்றுக்கிடையே தொடர்புகள் என்றால் எஸ்க்யூலைட் ஃபைலாக வையுங்கள். வகை, தொடர்பு, தரவு எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தரவுத் தொகுப்புகளைப் பாதுகாக்கப் பரிந்துரைக்கும் ஃபார்மேட்டுகளில் எஸ்க்யூலைட்டும் உண்டு. அதை உருவாக்கியவர்கள் 2050 வரை ஆதரவு தருவதாக உறுதி சொல்லியிருக்கிறார்கள்.

அனுப்பும் முன் எதையெல்லாம் சரிபார்க்கணும்?

தரவுத்தளத்தில் கவுன்ட் போட்டு வரும் எண்ணிக்கையும் ஃபைலில் உள்ள ரெக்கார்டு எண்ணிக்கையும் ஒன்றா. ஏதாவது ஒரு தொகை நெடுவரிசையின் கூட்டல் இரண்டிலும் ஒன்றா. மிக நீளமான குறிப்பு முழுதாக இருக்கிறதா. கமா, மேற்கோள், தமிழ் எழுத்து, ‘நல்’ எல்லாம் உள்ள ஒரு ரெக்கார்டைத் தேடிப் பிடித்து அதை மட்டும் கண்ணால் பாருங்கள். முதல் பத்து ரெக்கார்டைப் பார்ப்பதைவிட அந்த ஒன்று அதிகம் சொல்லும். எக்ஸெலில் சரிபார்க்க வேண்டாம், நோட்பேடிலோ நிரலிலோ பாருங்கள்.

அதே குவெரி, அதே டேட்டா. ஆனால் நேற்று எடுத்த ஃபைலும் இன்று எடுத்ததும் ஒப்பிட்டால் நூற்றுக்கணக்கில் வித்தியாசம் காட்டுதே?

குவெரியில் முடிவை வரிசைப்படுத்தும் ஆர்டர் பை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எந்த வரிசையில் தரவேண்டும் என்ற கட்டாயம் தரவுத்தளத்துக்கு இல்லை. நேற்று ஒரு வரிசையில் வந்தது இன்று வேறாக வரலாம், ஒப்பிடும் கருவி இடம் மாறியதை எல்லாம் மாற்றம் என்று சொல்லும். ஆர்டர் பை இருந்தும் மாறுகிறது என்றால், நீங்கள் வரிசைப்படுத்திய நெடுவரிசையில் ஒரே மதிப்பு பலமுறை வருகிறது. தேதியால் வரிசைப்படுத்தினால் ஒரே நாளின் ரெக்கார்டுகள் தமக்குள் எப்படியும் வரலாம். தேதிக்குப் பின்னால் முதன்மை எண்ணையும் சேருங்கள், வரிசை நிலைக்கும்.

அப்புறமும் வித்தியாசம் காட்டினால் வரி முடிவைப் பாருங்கள். விண்டோஸில் எடுத்த ஃபைலில் வரி இறுதியில் இரண்டு குறிகள் இருக்கும், லினக்ஸில் எடுத்ததில் ஒன்று. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு ஃபைல்கள் வரிக்கு வரி வேறு என்று வருவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். ஒப்பிடும் கருவியில் வரி முடிவைப் புறக்கணிக்கச் சொல்லலாம். இரண்டையும் ஒரே கணினியில், ஒரே கருவியால் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.